பிழைப் பக்கம்

வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
பாணந்துறை ரயில் போகும்போதெல்லாம்
மேசையில் பிளேன்டீக் கோப்பை நடுங்கும்.
உப்புக்காற்று மடிக்கணினியின் கீலைத் தின்கிறது.
இங்கேயிருந்துதான்
தொழில்நுட்பத்துக்குத் தமிழில் ஓர் இதழ் என்று
எட்டு மாதமாய்ச் சொல்லித் திரிகிறோம்.
கையில் ஒரே விளம்பரம்:
புறக்கோட்டையில் போன் திருத்தும் நஸ்வர் தந்த
இருபதாயிரம் ரூபா.
அதற்குள்தான் டொமைன், சேர்வர், பின்னேர ரோல்ஸ்.

வடிவமைப்பு தினேத்.
தமிழ் வாசிக்கத் தெரியாது அவனுக்கு.
அதனால் எழுத்துகளைப்
பூனைகளைப்போல, கதிரைகளைப்போலப் பார்த்தான்.
"இந்த ஆள் ஏன் வாலைத் தூக்குறார்?"
'கீ'யைக் காட்டி, உடைந்த தமிழில்.
மேல்வரியின் 'ழு' கீழே இறங்கி
அடுத்த வரியின் சுழியில் முட்டிக்கொண்டிருந்தது.
ஆங்கிலத்துக்கு அளந்த இடைவெளி அது.
ஒன்று தசம் நாலை ஒன்று தசம் எட்டாக்கினான்.
"இப்ப மூச்சு விடுது."

நிரல் எழுதுவது சுகிர்தா, கிளிநொச்சி.
பழைய கட்டுரைகளைப் பாமினியிலிருந்து
யூனிகோடுக்குக் கொண்டுவருவதற்குள்
கொம்புகள் எல்லாம் கழன்று,
பக்கத்தில் புள்ளி வட்டம் ஒட்டிக்கொள்ள,
அனாதையாய் வந்து நின்றன.
அவள் திட்டவே மாட்டாள்.
ஒவ்வொன்றாய்ப் பிடித்து
உரிய எழுத்தோடு சேர்த்துவிடுவாள்.

எனக்கு வேலை சொற்கள்.
'சமர்ப்பிக்கவும்' மலர்வளையம் மாதிரி இருக்கிறதென்று
'அனுப்பு' ஆக்கினேன்.
'முகப்பு' தப்பியது.
குக்கீயை என்ன செய்வதென்று மூன்று நாள் சண்டை;
கடைசியில் அது குக்கீயாகவே இருந்துவிட்டது.

திறப்புக்கு முதல்நாள்,
இல்லாத முகவரிக்குப் போகிறவர்களுக்கான பக்கத்தில்
யோசிக்காமல் எழுதினேன்:
"நீங்கள் தேடுவது காணாமல் போய்விட்டது."
கீழே, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு
தினேத் வரைந்த சின்ன இயந்திரப் பொம்மை.

சுகிர்தா அதைத் திரையில் ஏற்றினாள்.
கை விசைப்பலகையிலேயே கிடந்தது.
ஒரு ரயில் போனது.
பிறகு எழும்பிப் போய்
மூவருக்கும் தேத்தண்ணி ஊற்றிவந்தாள், கேட்காமலே.
"இந்த வசனத்தை மாத்தலாமே?" என்றாள்
சீனியைக் கலக்கியபடி.
அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் அவள் எடுக்கும்
ஒருநாள் லீவு அப்போதுதான் எனக்கு விளங்கியது.
ஊரில், வீதியோரப் பந்தலில்,
தாய்க்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வருகிறாள்.
பந்தலில் மாட்டிய படத்தில்
அவள் அண்ணாவுக்கு இன்னமும் இருபத்திரண்டு வயது.

அழித்தேன்.
'கிடைக்கவில்லை': அது கந்தோரில் சொல்லும் பதில்.
'இல்லை': அதைச் சொல்ல நான் ஆர்?
'தேடுவதை நிறுத்திவிட்டு முகப்புக்குத் திரும்பவும்.'
சீ.
தினேத் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.
பொம்மையை ஓசையில்லாமல் எடுத்துவிட்டான்.

இரவு பதினொன்றுக்கு இதை வைத்தோம்:
"முகவரியில் எங்கோ பிழை.
பிழை உங்களுடையதல்ல.
இன்னொருமுறை தேடிப் பாருங்கள்."

பன்னிரண்டுக்குத் திறந்தோம்.
கீழே கொத்துக்கடைத் தகட்டில் கடைசித் தாளம்.
முதல் ஏழு நிமிடத்தில் வந்தவர்கள் மூவர்;
மூவரும் நாங்களே, மூன்று கைபேசியில்.
கரண்ட் ஒருமுறை போய் வந்தது.

பதிவேட்டில் முதல் அந்நிய வரி
பன்னிரண்டு எட்டுக்கு விழுந்தது.
யாரோ, எங்கிருந்தோ,
முகவரியின் வாலில் ஓரெழுத்தைக் கூட அடித்து
நேரே அந்தப் பக்கத்துக்கு வந்திருந்தார்.
நாலு செக்கன் நின்றார்.
பிறகு முகப்பு. பிறகு
பற்றரி ஏன் வீங்குகிறது என்ற கட்டுரை,
பாதிவரை.

தினேத் கைதட்டினான்.
சுகிர்தா நாடியில் கைவைத்துப்
பார்த்துக்கொண்டேயிருந்தாள்,
அந்த நாலு செக்கனை.